கிளட்ச் லீவர் கல் மாதிரி இருக்கிறது: கோளாறு வண்டியிலா, என் கையிலா?

அல்சூர் லிஃப்ட்காரன்:

வணக்கம். ஒற்றை சிலிண்டர் 350 சிசி பைக், 2013 மாடல், 68,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் பாதிப் பேர் அதைத் திட்டவும் மீதிப் பேர் அதற்குக் கோயில் கட்டவும் வந்துவிடுவீர்கள், என் கிளட்ச் அப்படியேதான் இருக்கும்.

நான் லிஃப்ட் சர்வீஸ் வேலையில் இருக்கிறேன். காலையில் அல்சூரில் கிளம்பினால் மாரத்தஹள்ளி, பெல்லந்தூர், சர்ஜாப்பூர் ரோடு, எச்.எஸ்.ஆர். லேஅவுட் என்று ஒரு நாளைக்கு ஆறேழு அபார்ட்மென்ட். அவுட்டர் ரிங் ரோடு எப்படி நகரும் என்று பெங்களூருக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு நாள் மாரத்தஹள்ளி பாலத்திலிருந்து எத்தனை முறை கிளட்ச் பிடிக்கிறேன் என்று வேண்டுமென்றே எண்ணிக்கொண்டு வந்தேன். இபலூர் வரும்போது 140 தாண்டியது. சில்க் போர்டு இன்னும் வரவே இல்லை. எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இரண்டு மாதமாக லீவர் கல்லாகிவிட்டது. இரவு சாப்பிடும்போது தட்டை இடது கையில் ஏந்தினால் தட்டு நடுங்குகிறது. கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுப் பக்கம் வலி.

வண்டியின் ஜாதகத்தையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் கிளட்ச் ஸ்லிப் ஆனது. ஹெப்பால் மேம்பாலத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. பிளேட், ஸ்பிரிங் எல்லாம் புதிதாகப் போட்டார்கள். அப்போதே கொஞ்சம் கனமாகத்தான் தெரிந்தது, புதுசு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஜூனில் முதுகு வலிக்கிறது என்று ஹேண்டில்பாரை மாற்றி உயரமானதாகப் போட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சும்மா சொல்கிறேன். அப்புறம் மழை. அப்புறம் இந்தக் கனம்.

மூன்று மெக்கானிக்கிடம் காட்டியாகிவிட்டது. முதல் ஆள் லீவர் பக்கத்துத் திருகை அரைச் சுற்று திருப்பிவிட்டு "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" என்றார், கன்னடத்தில் 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க'. அவர் கிளட்சைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று இன்றுவரை புரியவில்லை. இரண்டாவது ஆள் லீவரில் எதையோ பீய்ச்சினார், இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாவது ஆள் வண்டியைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்து வயது கேட்டார். 46 என்றேன். "இனிமே ஸ்கூட்டர்தான் சார்" என்றார். அந்த வாக்கியத்துக்கு 50 ரூபாய்.

கூட வேலை செய்கிற பையனின் புது வண்டியில் கிளட்சை ஒரே விரலால் பிடிக்க முடிகிறது. நான் என்ன செய்யட்டும்? ஸ்பிரிங் மாற்றவா? எஞ்சின் பக்கம் மாட்டுகிற நீளமான ஆர்ம் ஒன்று ஆன்லைனில் விற்கிறார்களே, அது வாங்கலாமா? இல்லை, மூன்றாவது ஆள் சொன்னதுதான் சரியா?

டின் ஃபேக்டரி:

அண்ணா, சில்க் போர்டு வழியாகத் தினமும் போகிறவருக்கு கியர் வண்டி எதற்கு? ஸ்கூட்டர் வாங்குங்க. 50 ரூபாய் வேண்டாம், இலவசமாகவே சொல்கிறேன்.

ஓசூர் ஸ்பானர்:

அண்ணே, ஸ்கூட்டர் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். மூன்று மெக்கானிக்கும் ஒரு வேலையைச் செய்யவே இல்லை. கனம் எங்கே இருக்கிறது என்று யாரும் தேடவில்லை. லீவர் சுழல்கிற போல்ட்டும் லீவரில் உட்காரும் நிப்பிளும் (கேபிள் முனையில் இருக்கிற குமிழ்), கேபிள், எஞ்சினில் கேபிள் இழுக்கிற ரிலீஸ் ஆர்ம், உள்ளே ஸ்பிரிங் என்று நாலு இடம் இருக்கிறது. உங்கள் கைக்குத் தெரிவது நாலும் சேர்ந்த கனம். அதைப் பிரித்துப் பார்க்காமல் பாகம் மாற்றுவது காசைக் குப்பையில் போடுகிற வேலை.

பத்து நிமிடம் போதும். முதலில் இப்போது இருக்கிற கனத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகும்போது பெட்டியை நிறுக்கிற கொக்கித் தராசு இருந்தால், லீவர் நுனியில் மாட்டி கைப்பிடி வரை இழுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, லீவர் பக்க அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தி, எஞ்சின் பக்கம் கேபிள் முனையைக் கழற்றுங்கள். இப்போது கேபிளின் மறுமுனையில் எதுவுமே இல்லை. லீவர் சுண்டுவிரலுக்கே வர வேண்டும். கீழ்முனையை வீட்டில் யாரையாவது லேசாகப் பிடித்து இழுக்கச் சொன்னால் உள்கம்பி வழுக்கிக்கொண்டு திரும்பிப் போக வேண்டும். அப்படிப் போனால் கேபிள் சுத்தம், கோளாறு எஞ்சின் பக்கம். சொரசொரவென்று இழுத்தாலோ நடுவில் சிக்கினாலோ எஞ்சினைத் தொடவே வேண்டாம்.

இதையே ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் திருப்பி ஒரு முறை, வலப்பக்கம் திருப்பி ஒரு முறை செய்யுங்கள். கனம் மாறினால் கேபிள் போகிற வழிதான் தப்பு. "சம்பந்தமில்லை, சும்மா சொல்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு முதல் சந்தேகமே அந்த ஹேண்டில்பார் மேல்தான். ஹேண்டில்பார் உயர்ந்தது. கேபிளும் அதோடு நீளமானதா?

லிஃப்ட்காரரிடம் கயிற்றைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரிதான், இருந்தாலும் சொல்கிறேன். துள்ளுகிற மாட்டின் கயிற்றை மரத்தில் ஒன்றரைச் சுற்று சுற்றிவிட்டால் சின்னப் பையன்கூடப் பிடித்துக்கொள்வான். உங்கள் ஷீவில், அதாவது கயிறு ஓடுகிற பள்ளச் சக்கரத்தில், கயிறு வழுக்காமல் லிஃப்டைத் தூக்குவதும் அந்தப் பிடிப்பால்தான். அங்கே சோறு போடுகிற உராய்வு கிளட்ச் கேபிளில் திருடன். கேபிள் வழியில் எத்தனை டிகிரி வளைகிறதோ அத்தனைக்கும் வரி கட்ட வேண்டும். எல்லா வளைவும் சேர்ந்து 180 டிகிரி என்று வையுங்கள். உள்ளே வழவழவென்று இருந்து உராய்வு எண் 0.1 என்றால், கீழே 10 கிலோ இழுக்க மேலே கேபிளில் கிட்டத்தட்ட 13.7 கிலோ இழுக்க வேண்டும். மழைத் தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து அந்த எண் 0.3 ஆனால் 25 கிலோவைத் தாண்டிவிடும். ஸ்பிரிங் அதேதான், பிளேட் அதேதான், உங்கள் வயதும் அதேதான்.

ஸ்பிரிங்கையும் முழுக்க விட்டுவிட முடியாது. ஸ்லிப் என்று போனால் சில கடைகளில் கேட்காமலே கடினமான ஸ்பிரிங்கைப் போட்டு அனுப்புவார்கள். பில்லை எடுத்துப் பாருங்கள். அப்படியே இன்னொரு கேள்வி: ஜனவரிக்கு முன்னால் என்ன ஆயில் ஊற்றினீர்கள்? உங்கள் வண்டியில் பிளேட்டுகள் ஆயிலிலேயே குளிக்கின்றன. டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று இருக்க வேண்டும், ஆயிலில் நனைகிற கிளட்சுக்கு ஏற்றது என்கிற தரக் குறி அது. கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கிற சமாச்சாரம் கலந்திருக்கும். எஞ்சினுக்கு அது அமிர்தம், நனைந்த கிளட்சுக்கு விளக்கெண்ணெய்.

உங்களோடு வேலை செய்கிற பையனின் வண்டி ஒரு விரலுக்கு வருவதில் அதிசயம் இல்லை. அசிஸ்ட் அண்ட் ஸ்லிப்பர் கிளட்சாக இருக்கும். எஞ்சின் இழுக்கும்போது உள்ளே இருக்கிற சாய்வான பற்களே பிரஷர் பிளேட்டை இழுத்து அழுத்திக்கொள்ளும், அதனால் மெல்லிய ஸ்பிரிங் போதும். 2018-இல் வந்த யமஹா ஆர்15 மூன்றாம் பதிப்பிலும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-இலும் இதுதான். அதோடு உங்கள் வண்டியை ஒப்பிட்டு மனசை வருத்திக்கொள்ளாதீர்கள்.

ஜெயநகர் நாலாவது பிளாக்:

அந்த நீளமான ஆர்ம் நான் போட்டிருக்கிறேன். மாட்டிய அன்றைக்கே வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. ஒரே ஒரு குறை, சிக்னலில் நியூட்ரல் விழ மாட்டேன் என்கிறது. முதல் கியர் போட்டால் 'டங்' என்று ஒரு சத்தம். பழகிவிட்டது.

ஓசூர் ஸ்பானர்:

தம்பி, அது பழகிக்கொள்ள வேண்டிய குறை இல்லை, அந்த ஆர்முக்கு நீங்கள் கட்டுகிற விலை. 40 மில்லிமீட்டர் ஆர்மை 50 ஆக்கினால் கனம் ஐந்தில் நாலு பங்காகும், சரி. ஆனால் லீவர் இழுக்கிற கேபிள் நீளம் மாறவில்லையே. ஆர்ம் சுழல்வதும் ஐந்தில் நாலு பங்குதான். பிளேட்டுகள் முழுக்கப் பிரியாமல் ஒட்டிக்கொண்டே சுற்றும். டங் சத்தம் அதுதான். தளர்ச்சியைக் குறைத்துக் கொஞ்சம் மீட்கலாம், ஆனால் லீவர் கேபிளை இழுக்கத் தொடங்கும் முன் 2-3 மில்லிமீட்டர் இடைவெளி கட்டாயம் வேண்டும். அதையும் இறுக்கினால் இந்தப் பக்கம் ஸ்லிப் ஆரம்பிக்கும். கேபிள் துருப்பிடித்த வண்டிக்கு அந்த ஆர்மைப் போடுவது காய்ச்சலுக்கு விசிறி வீசுகிற வேலை.

விரல் வைத்தியம்:

நான் பிசியோதெரபிஸ்ட். எனக்கு எஞ்சின் தெரியாது, கை தெரியும். அண்ணா, வலி எங்கே என்பதைத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் அதை மூடி முஷ்டி பிடியுங்கள். அப்படியே மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். கட்டைவிரல் பக்க எலும்பருகே சுரீர் என்றால், கட்டைவிரலை அசைக்கிற தசைநாண்களின் உறை வீங்கியிருக்க வாய்ப்பு உண்டு. டி குவெர்வெய்ன் என்று எழுதுவார்கள். கைக்குழந்தையைத் திரும்பத் திரும்பத் தூக்குகிற தாய்மார்களுக்கு அடிக்கடி வருவது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப் போய், இரவில் அதிகமானால் அது வேறு, மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குவது. இரண்டில் எதுவானாலும் டாக்டரிடம் கையைக் காட்டுங்கள், இங்கே எழுதுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

இரண்டு விஷயத்தை இன்றைக்கே செய்யலாம். உட்கார்ந்து கையை நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் லீவர் மேல் விழ வேண்டும். ஹேண்டில்பாரை உயர்த்திவிட்டு லீவரின் சாய்வைப் பழையபடியே விட்டிருந்தால், மணிக்கட்டை மடக்கிக்கொண்டுதான் பிடிப்பீர்கள். மடங்கிய மணிக்கட்டில் பிடியின் பலம் பாதியாகத் தோன்றும். அடுத்தது, லீவரின் நுனிப் பக்கம் பிடியுங்கள். இந்தக் கணக்கு ஓசூர் அண்ணனுக்குப் பிடிக்கும்: சுழல்கிற போல்ட்டிலிருந்து 120 மில்லிமீட்டரில் பிடித்தால் 9 கிலோ கேட்கிற லீவர், 90-இல் பிடித்தால் 12 கிலோ கேட்கும். விரல் எட்டவில்லை என்று உள்ளே நகர்ந்து பிடிக்கிறவர்கள்தான் என்னிடம் வருகிறார்கள்.

சிக்னலில் 90 வினாடி கிளட்சைப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள், நியூட்ரல் போடுங்கள். நியூட்ரல் விழாத வண்டியென்றால் ஜெயநகர்காரரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அல்சூர் லிஃப்ட்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் வண்டியைப் போட்டு உட்கார்ந்தேன். டார்ச் பிடிக்க மகன், தள்ளி நின்று அறிவுரை சொல்ல எதிர்வீட்டுப் பெரியவர்.

கழற்றுவதற்கு முன்னால் தராசில் 9.5 கிலோ. எஞ்சின் பக்கம் கேபிளைக் கழற்றினேன். லீவரைப் பிடித்தால் அப்போதும் கனம்! மறுமுனையில் ஒன்றுமே இல்லை, மகன் கையில் சும்மா தொங்குகிறது, இங்கே நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறேன். ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பினால் உள்கம்பி நகரவே மாட்டேன் என்றது.

டேங்கைத் தூக்கிப் பார்த்தால் கதை தெரிந்தது. ஹேண்டில்பார் மாற்றியவர் பழைய கேபிளையே இழுத்துப் பிடித்து, ஃபோர்க் கழுத்துப் பக்கம் ஒயரிங்கோடு சேர்த்து இரண்டு பிளாஸ்டிக் டையால் கட்டியிருக்கிறார். நன்றாக, இறுக்கமாக, அழகாகக் கட்டியிருக்கிறார். டை இருந்த இடத்தில் கேபிளின் வெளியுறை நசுங்கித் தட்டையாகியிருந்தது. அதற்குக் கீழே எல் எழுத்து மாதிரி ஒரு மடிப்பு.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. லீவர் பக்க ரப்பர் உறையைத் தள்ளிப் பார்த்தேன். நிப்பிள் லீவருக்குள் சுழல வேண்டும் அல்லவா, துருவில் இறுகி லீவரோடு ஒட்டிப் போயிருந்தது. ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கம்பி அதே இடத்தில் மடங்கி மடங்கி மூன்று இழை அறுந்து விரிந்து நிற்கிறது. லிஃப்ட் கயிற்றில் ஒரு இழை அறுந்தாலும் எந்த இடம், எத்தனை என்று லாக் புத்தகத்தில் எழுதுகிறவன் நான். அறுந்த இழை இத்தனைக்கு மேல் போனால் கயிற்றை மாற்று என்று மேனேஜரோடு சண்டை போடுகிறவன். என் சொந்த வண்டியில், என் கைக்கு இரண்டு அங்குலம் தள்ளி, மூன்று இழை அறுந்திருந்தது தெரியவில்லை. மகனிடம் இதைச் சொல்லவில்லை. அவனே பார்த்துவிட்டான்.

திங்கட்கிழமை ஜே.சி. ரோடு போனேன். பழைய கேபிளைக் கையில் எடுத்துப் போனது நல்லதாகப் போயிற்று. முதல் நாலு கடையில் அதே நீளம்தான் எடுத்துக் காட்டினார்கள். ஐந்தாவது கடையில் ஒரு பாய் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று வெளியே வந்தார். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பச் சொல்லி, ஒரு சணல் கயிற்றை லீவரிலிருந்து எஞ்சின் வரை ஓட்டி அளந்து, நாலு அங்குலம் நீளமான கேபிள் எடுத்துக் கொடுத்தார். 340 ரூபாய். கிளட்ச் கேபிளை இப்படி அளந்து வாங்குகிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

மாட்டும்போது டேங்குக்கு அடியில் வளைவு பெரிதாக இருக்கும்படி விட்டேன், டை இல்லை, தளர்வான வளையம் மட்டும். உள்ளே நைலான் குழாய் இருப்பதால் கேபிளுக்குள் எதுவும் ஊற்ற வேண்டாம் என்று பாய் சொன்னார், ஊற்றவில்லை. லீவர் போல்ட்டுக்கும் நிப்பிளுக்கும் மட்டும் கிரீஸ் வைத்தேன். இடைவெளி 3 மில்லிமீட்டர். லீவரைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தேன், மணிக்கட்டு இப்போது நேராக இருக்கிறது.

தராசில் 5.5 கிலோ. கூட வேலை செய்கிற பையனின் புது வண்டி லீவரையும் தராசில் இழுத்துப் பார்த்தேன், 3.5.

மிச்சமிருக்கிற கனம் ஸ்பிரிங்தான் என்று நினைக்கிறேன். பில்லில் 'ஸ்பிரிங் செட்' என்று மட்டும் இருக்கிறது, வேறு விவரம் இல்லை. ஆயில் கேள்விக்கு வருகிறேன். போன தீபாவளிக்கு மைத்துனன் காருக்கு வாங்கியதில் மீதம் என்று ஒரு லிட்டர் கொடுத்தான். நல்ல விலையுயர்ந்த ஆயில், வீணாகப் போக வேண்டாம் என்று வண்டியில் ஊற்றினேன். ஜனவரியில் ஸ்லிப். அப்புறம் பிளேட், ஸ்பிரிங், கனம். கடையில் பிளேட் மாற்றும்போது ஆயிலையும் வடித்துவிட்டார்கள், அது ஒன்றுதான் ஆறுதல்.

முஷ்டி பிடித்துப் பார்த்தேன் தங்கச்சி. சுரீர் என்றுதான் இருக்கிறது. சனிக்கிழமை டாக்டரிடம் போகிறேன்.

ஓசூர் ஸ்பானர்:

9.5-லிருந்து 5.5. எஞ்சினைத் திறக்காமல் 340 ரூபாயில் முடிந்தது. ஸ்பிரிங்குக்காக இப்போது கிளட்ச் கவரைத் திறக்காதீர்கள். அடுத்து எப்போதாவது அந்தப் பக்கம் திறக்கிற வேலை வந்தால் கம்பெனி ஸ்பிரிங் வாங்கிப் போடுங்கள், கேஸ்கெட்டும் சேர்த்து வாங்கி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ரப்பர் உறையைத் தள்ளி நிப்பிளை ஒரு தடவை பாருங்கள், அது சுழன்றால் போதும்.

மூன்று இழை அறுந்த கேபிளோடு எத்தனை நாள் ஓட்டினீர்களோ! ஹெப்பால் பாலத்தின் நடுவில் அறுந்திருந்தால் நியூட்ரலில் தள்ளி, ஓடுகிற வேகத்தில் முதல் கியரைத் தட்டிப் போட்டு, அதற்கப்புறம் எங்கேயும் நிற்காமல் வீடு சேர வேண்டும். பெங்களூரில் எங்கேயும் நிற்காமல்!

அல்சூர் லிஃப்ட்காரன்:

அறுந்த கேபிளை டூல் பையில் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த டிரெய்னிகளுக்கு இழை அறுவது எப்படி இருக்கும் என்று காட்ட. எந்த வண்டியில் இருந்தது என்று கேட்டால் மட்டும் பதில் கிடையாது.

கடைசியாக ஒரு சந்தேகம். மைத்துனன் கொடுத்த ஆயிலில் இன்னும் கால் லிட்டர் இருக்கிறது. அதை என்ன செய்வது?

டின் ஃபேக்டரி:

மைத்துனருக்கே திருப்பிக் கொடுங்கண்ணா. காரில் ஊற்றிக்கொள்ளட்டும்.